வெட்டிய லோங் பிராஞ்ச் 303: கட்டையைத் திரும்பப் போடலாமா, அப்படியே விடலாமா?

கேள்வி – 2024 ஜனவரி 14

கனடாவின் பீற்றர்பரோ பக்கம் ஒரு பண்ணை ஏலத்தில், 303 ரவை போடும் இரண்டாம் போர்க் காலத்து லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 துவக்கு ஒன்று எடுத்தேன். ரிசீவரின், அதாவது குழல் பூட்டும் இரும்பு உடம்பின், இடது பக்கத்தில் லோங் பிராஞ்ச் 1943 என்று, ரொறன்ரோ அருகே இருந்த தொழிற்சாலையின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கிறது. யாரோ குழலுக்கு அடியில் வரும் மர முன்கட்டையைப் பாதியில் அறுத்து, மான் வேட்டைக்கு ஏற்றமாதிரி ஆக்கிவிட்டார்கள். குழலுக்கு மேலே வரும் இரண்டு கட்டைகளும் இல்லை. இதை 1943இல் தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்துக்குக் கொண்டுவர ஆசை. பாகங்கள் எங்கே எடுக்கலாம்? லைசன்ஸ் இருக்கிறது.

ஜனவரி 14, இரவு

பாகங்களைத் தேடுவதற்கு முன் குழலை அளந்து பாருங்கள். நம்பர் 4இன் குழல் 25.2 அங்குலம். வாய்ப்பக்கம் பயனெற் (துவக்கு முனைக் கத்தி) பூட்டும் சிறு காதுகள் இருக்கின்றனவா, முன்குறி நிற்கும் அடித்தளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேட்டைக்கு மாற்றியவர்களில் பலர் மரத்தோடு நிற்காமல் குழலையும் அறுத்திருக்கிறார்கள், சிலர் காதுகளை அராவி எடுத்திருக்கிறார்கள். குழல் குறைந்திருந்தால் இந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். நல்ல குழல் ஒன்று தேடி, துவக்குத் திருத்தும் கன்ஸ்மித்திடம் கொடுத்து மாற்றி, அளவு பார்த்து முடிக்கும் காசுக்கு முழுத் துவக்கே வாங்கலாம்.

அறுத்தவரைத் திட்டவும் வேண்டாம். போர் முடிந்த பிறகு இவை பத்து, இருபது டொலருக்கு இரும்புக் கடையிலும் தபால் பட்டியலிலும் விற்கப்பட்டன. குளிர்காலத்துக்கு இறைச்சி தேடிய விவசாயிக்கு அது சரித்திரச் சின்னமல்ல, தேவைக்கு மேல் பாரமான ஒரு துவக்கு.

ஜனவரி 16

"பாகங்களா, இணையத்தில் குவிந்து கிடக்கே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குவிந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது, மறுக்கவில்லை. நான் இந்தப் பழக்கத்தில் விழுந்தபோது துவக்குச் சந்தைகளில் கிரீஸ் தாளில் சுற்றிய புதுக் கட்டைகளை மேசைக்கடியில் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள். யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. இன்று அதே மேசைகளில் கிடப்பது வார்ப்பட்டி வளையமும் துருப்பிடித்த ஸ்குறூவும்தான்.

காரணம் எளிது. லோங் பிராஞ்ச் தொழிற்சாலை ஒன்பது லட்சத்துக்கு மேல் நம்பர் 4 செய்தது. அமெரிக்காவில் சாவேஜ் கொம்பனி பத்து லட்சத்துக்கு மேல். அவ்வளவுக்கும் உதிரிப்பாகம் செய்து களஞ்சியத்தில் அடுக்கினார்கள். படைகள் புதிய துவக்குக்கு மாறியதும் அந்தக் களஞ்சியங்கள் கிலோக் கணக்கில் வெளியே வந்தன. நாம் தின்றுகொண்டிருந்தது அந்தக் களஞ்சியத்தை. ஒரிஜினலைப் புதிதாக யாரும் செய்யவில்லை.

இது எங்களைப் போன்ற ஆசைக்காரரின் புலம்பல் மட்டுமல்ல. கனடிய ரேஞ்சர்ஸ் என்று ஒரு படைப்பிரிவு 1947இலிருந்து இருக்கிறது. வடக்கே ஆள் அரவமில்லாத கரைகளைக் காவல் பார்க்கிறவர்கள். சிவப்பு மேலங்கி, சுமார் 5,000 பேர், வடதுருவப் பழங்குடியான இனுயிட் மக்கள் நிறைய. அவர்களின் கையில் எழுபது வருடத்துக்குக் கிட்ட இருந்தது இதே நம்பர் 4தான். பனியிலும் உப்புக் காற்றிலும் வேலை செய்தது, துருவக் கரடி வந்தாலும் நம்பலாம். அதை மாற்ற வேண்டி வந்தது துவக்கு தோற்றதால் அல்ல, உதிரிப்பாகம் கிடைக்காமல் போனதால். அரசாங்கத்துக்கே கிடைக்கவில்லை என்றால் உங்களுக்கும் எனக்கும் எங்கே?

மாற்றாக வந்தது சி19. பின்லாந்தின் டிக்கா வடிவமைப்பு, கிச்சனரில் கோல்ட் கனடா செய்தது, .308 ரவை. கட்டையும் சிவப்பு. வடிவாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

பழையதை வைத்திருந்த ரேஞ்சர்களுக்கு, லைசன்ஸ் இருந்தால் அன்பளிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல முடிவு. கொஞ்சம் பொறாமையும் வந்தது.

ஜனவரி 17

"303 என்றால் எல்லாம் ஒன்றுதானே, நம்பர் 1 கட்டை ஒன்று இருக்கிறது, போடலாமா?" இல்லை. போட முடியாது. முதலாம் போர்க் காலத்து நம்பர் 1க்கும் நம்பர் 4க்கும் ஒரே ரவை, ஒரே குடும்பம். அதோடு சரி. கட்டை, அதைக் குழலோடு பிடிக்கும் இரும்புப் பட்டி, ரவை போடும் மகசீன், குறிகாட்டி எல்லாம் வேறு.

ஜனவரி 21

மரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இது என் இடம், கொஞ்சம் நீளும்.

புதிதாகச் செய்த மாதிரிக் கட்டைகள் இப்போதும் விற்கிறார்கள். வாங்கியதும் அப்படியே பூட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பழைய ஒரிஜினல் கட்டை என்றாலும் இதே கதைதான், ஏனென்றால் ஒவ்வொரு கட்டையும் ஒரு குறிப்பிட்ட துவக்குக்கு ஆமரர், அதாவது துவக்குத் திருத்துநர், கையால் பொருத்தியது.

கவனிக்க வேண்டிய இடம் முன்கட்டையின் பின்முனை. ரிசீவரின் அடியில் வந்து ஒட்டும் இரண்டு சிறிய மரத் தோள்கள் அங்கே இருக்கும். பழைய ஆமரர்கள் இவற்றை டிரோஸ் என்பார்கள். சுடும்போது இரும்பு பின்னால் பாய்கிறது, மரம் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கிறது. இரும்பு மரத்தைக் கூட இழுத்துக்கொண்டு போவது இந்த இரண்டு தோள்களையும் தள்ளித்தான். பெருவிரல் நகத்தளவு பரப்பு. அங்கே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு மரத்தில் குத்தும். முதலில் குறி சிதறும், பிறகு மரம் பிளக்கும். ஒஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை தன் நம்பர் 1 துவக்குகளில் இந்த இடத்தில் செப்புத் தகடு வைத்தது. அவர்களுக்குக் கிடைத்த மரம் மென்மை, தகடு இல்லாமல் தாங்காது.

நான் செய்யும் முறை இது. ரிசீவரின் ஒட்டும் பரப்பில் மெழுகுதிரிக் கரியை மெல்லியதாகப் பிடிக்க விடுவேன். கட்டையை மேலே அழுத்திக் கழற்றிப் பார்த்தால் மரத்தில் கரி பட்ட இடம் மட்டும் இரும்பைத் தொடுகிறது. தோளில் ஒரு மூலையில் மட்டும் கறுப்புப் புள்ளி விழுந்தால் அந்த மூலையை உளியால் ஒரு தாளளவு சீவ வேண்டும். திரும்பக் கரி, திரும்ப அழுத்தல், திரும்பச் சீவல். இரண்டு தோளிலும் ஒரே மாதிரி பரந்த கறுப்பு வரும்வரை இதுதான் வேலை. தோள் ஏற்கனவே நசுங்கியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, வைரம் பாய்ந்த மரத்தில் ஒட்டுப் போட்டு, திரும்ப முதலிலிருந்து.

கட்டையின் பின்விளிம்பு, பின்கட்டை செருகும் இரும்புக் குழியைத் தொடக்கூடாது. ஒரு வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். தொட்டால் அந்த விளிம்பு தெறிக்கும். முன்பக்கம், குழல் வாய்க்கு அருகே, கட்டை குழலை மூன்று முதல் ஐந்து பவுண்டு அளவுக்கு மேலே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். மீன் தராசு ஒன்றைக் குழலில் கொளுவி இழுத்தால் எந்த இடத்தில் குழல் மரத்தை விட்டு எழும்புகிறது என்று தெரியும்.

ஜனவரி 22

நேற்று விட்டுப்போனது: விசைக்காப்பின் முன் ஸ்குறூவைக் கழற்றும்போது ஒரு சின்ன உருளைக் குழாய் கீழே விழும். எறிந்துவிடாதீர்கள். மரம் நசுங்காமல் ஸ்குறூ இறுக உதவுவது அதுதான். மரம் உலர்ந்து சுருங்கிவிட்டால் அதே குழாய் எதிரியாகும், எவ்வளவு இறுக்கினாலும் கட்டை ஆடும். அதற்காகக் குழாயை வெளியே எடுத்துவிட்டு இறுக்கியவர்களின் துவக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சந்தையில் தேடுபவர் அதிகமுள்ள பாகங்களில் இந்தக் குழாயும் ஒன்று. விலை சொன்னால் சிரிப்பீர்கள்.

ஸ்குறூ தொலைந்தால் சாதாரண இரும்புக் கடைக்குப் போய்ப் பயனில்லை. என்ஃபீல்டின் மரை அந்தத் தொழிற்சாலைக்கே உரிய கணக்கு. கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை முறுக்கி உள்ளே விட்டால் ரிசீவரின் மரை போய்விடும், பிறகு அழுது வேலையில்லை.

பெப்ரவரி 3

சில நாளாக ஒன்று மனதில் அரிக்கிறது, எழுதிவிடுகிறேன்.

இன்று விற்பனைக்கு வரும் ஒரிஜினல் கட்டைகளும் பட்டிகளும் எங்கிருந்து வருகின்றன? களஞ்சியம் வெறுமையாகிவிட்டது என்று நானே மேலே சொன்னேன். அப்படியானால் இவை வரும் வழி ஒன்றுதான்: யாரோ ஒரு முழுத் துவக்கைக் கழற்றுகிறார்கள். முழுசாக விற்பதைவிடத் துண்டு துண்டாக விற்றால் காசு கூட. கட்டைத் தொகுதி தனியாக, குறிகாட்டி தனியாக, மகசீன் தனியாக, ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் தனியாக. எண்பது வருடம் ஒன்றாகக் கிடந்தது ஒரு வாரத்தில் நாலு மாகாணத்துக்குப் போய்விடும்.

பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரித்துத் தன் வீட்டுக்கு ஓடு போடுகிறவனின் வேலை இது. உங்கள் 1943 முழுமையாக வேண்டுமென்றால் எங்கோ ஒரு 1944 அழிய வேண்டும். வாங்க ஆள் இருக்கும்வரை கழற்றுவார்கள்.

அதனால் நான் எனக்குப் போட்டுக்கொண்ட வழக்கம்: ஏற்கனவே செத்த துவக்கின் பாகத்தைத்தான் வாங்குவது. தீயில் பட்டது, ரிசீவர் வெடித்தது, குழல் அறுத்தது. விற்பவரிடம் மீதி எங்கே என்று கேட்பேன். நேர்மையானவர் சொல்லிவிடுவார். சுற்றி வளைத்துப் பேசினால் விட்டுவிடுவேன்.

பெப்ரவரி 4

"அப்படியானால் நீங்களும் துவக்கை மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு மரக்கறித் தோட்டம் போடுங்கள் அண்ணை."

தோட்டமும் இருக்கிறது தம்பி. மிளகாய்க்கு ஜூன் வரை பொறுக்க வேண்டும், அதுவரைக்கும் இது.

சரி, நீங்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நேற்று எழுதியது ஒரிஜினல் பாகத்துக்கு. புதிதாகச் செய்த மாதிரிக் கட்டையால் யாருக்கும் நட்டமில்லை. குழல் முழுசாக இருந்து, மரம் மட்டும் போனதென்றால், மாதிரிக் கட்டையைப் பொறுமையாகப் பொருத்திக்கொள்ளலாம். அதில் பழைய முத்திரையைக் குத்தி ஒரிஜினல் என்று விற்காதவரை எனக்கு முறைப்பாடு இல்லை. அந்த வேலையும் நடக்கிறது. சினைப்பர் வகையான நம்பர் 4(ரி) என்று வருவதில் போலி மலிந்து கிடக்கிறது. தொலைநோக்கி அடித்தளத்துக்குத் துளை போட்டு, ஒரு எழுத்தைக் குத்தி, விலையில் ஒரு பூச்சியம் கூட்டுவார்கள்.

பெப்ரவரி 11

சென்னையிலிருந்து ஒருவர் கேட்கிறார், இந்தியாவில் இப்படி ஒன்று வாங்கித் திருத்தலாமா என்று. முடியாது. அங்கே 303 தடைசெய்த ரவை வகை, பொதுமக்களுக்கு லைசன்ஸ் கிடைக்காது. அதனால்தான் இந்திய ஆயுதத் தொழிற்சாலைகள் .315 என்று ஒரு வேட்டைத் துவக்கு செய்கின்றன. உடம்பு லீ-என்ஃபீல்ட், ரவை மட்டும் வேறு.

இங்கே கனடாவில் இது கட்டுப்பாடற்ற வகுப்பு. பொது லைசன்ஸ் போதும். பூட்டி வைக்க வேண்டும்.

இஷாப்பூரைப் பற்றியும் ஒருவர் ஒரு தவறான கதை எழுதியிருக்கிறார். வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் 2ஏ, 2ஏ1 துவக்குகள் பழைய 303ஐத் துளை மாற்றிச் செய்தவை என்று. அல்ல. 1960களில் 7.62 ரவைக்கென்றே புதிதாகச் செய்தவை, உருக்கும் மேம்பட்டது. மகசீனைப் பார்த்தாலே தெரியும், பெட்டி மாதிரி நேராக நிற்கும். அதற்கு மாற்று மகசீன் தேடும் கொடுமையை அனுபவித்தவரிடம் கேளுங்கள், நம்பர் 4காரர் எல்லாம் பணக்காரர் என்பார்.

இஷாப்பூரில் பிடித்த விஷயம் ஒன்று: முன்கட்டையில் குறுக்காக ஒரு ஸ்குறூவை ஊடுருவ விட்டு மரம் பிளக்காமல் பிடித்திருப்பார்கள். அழகில்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த வெயிலிலும் மழையிலும் மரம் என்ன பாடுபடும் என்று தெரிந்த ஆமரர் போட்ட ஸ்குறூ அது. உத்தரப் பிரதேசப் பொலிஸ் 2020 ஜனவரியில்தான் 303க்கு விடைகொடுத்தது. அவ்வளவு காலம் ஓட வைத்ததில் அந்த மாதிரி வேலைக்கும் பங்கு உண்டு.

பெப்ரவரி 18

துவக்கோடு சம்பந்தம் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேக்‌ஷோர் வீதியால் மிசிசாகாவுக்குள் நுழையும் இடத்தில் ஸ்மோல் ஆர்ம்ஸ் பரிசோதனைக் கட்டடம் இருக்கிறது. லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் மிஞ்சிய கட்டடம் அது. இப்போது கலைக்கூடம். மகளின் பள்ளிக்கூடச் சித்திரங்களைப் பார்க்கப் போனோம். 1943இல் அந்த வளாகத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். உங்கள் துவக்கின் பாகங்களையும் அளவுகோல் வைத்துப் பார்த்தது அவர்களில் யாரோ ஒருவராகத்தான் இருக்கும். மகள் தன் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

சின்னம்மாவின் கேள்வியையும் இங்கே போட்டுவிடுகிறேன், உங்களில் பலர் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் துவக்கை மடியில வைச்சுத் துடைக்கிறான்." நியாயமான கேள்வி. ஊரில் பொலிஸ் நிலைய வாசலில் நின்றவரின் தோளிலும் 303தான் தொங்கியது, நாங்கள் மறுபக்க வேலியோரமாகப் போவோம். எனக்கு இதில் இழுத்தது மரம். அப்பா தச்சர். பேஸ்மென்டில் உளியை எடுத்தால் அவர் ஞாபகம் வருகிறது. சின்னம்மாவுக்கு இந்தப் பதில் போதவில்லை. கதிரை செய்யலாமே என்கிறா. கதிரையும் செய்திருக்கிறேன், அவ இருந்து தேத்தண்ணி குடிப்பது அதில்தான்.

மார்ச் 2

மரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் சாண்ட்பேப்பரைத் தொடாதீர்கள். தேய்த்தால் முத்திரைகள் போய்விடும். சி எழுத்துக்குள் அம்புக்குறி உள்ள கனடிய முத்திரை, பழுது பார்த்த ஆமரரின் குறி எல்லாம் மரத்தின் மேல்தோலில்தான் இருக்கின்றன.

பருத்தித் துணியை நனைத்துப் பள்ளத்தின் மேல் போட்டு, சூடான இஸ்திரிப்பெட்டியின் மூக்கை ஒரு கணம் வைத்து எடுங்கள். சீறிக்கொண்டு ஆவி வரும். நசுங்கிய நார் தண்ணீரைக் குடித்து மெல்ல எழும்பும். எழுபது வருடத்து எண்ணெயும் அழுக்கும் கூடவே துணியில் கபில நிறத்தில் இறங்கும், மணம் பழைய சைக்கிள் கடை மணம். நார் அறுந்த வெட்டு மட்டும் எழும்பாது, அதை விட்டுவிடுங்கள்.

பிறகு லின்சீட் ஒயில். படை போட்டது காய்ச்சாத ஒயில், காய நாளெடுக்கும். உள்ளங்கையால் தேய்த்து, மரம் குடித்ததை விட்டு மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தடித்துப் பூசினால் ஒட்டிக்கொண்டே இருக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் விட்ட தகரப் பேணியில் போட்டு மூடிவிடுங்கள். வார்னிஷ் பூசுகிறவர்களோடு நான் கதைப்பதில்லை.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் படங்கள் போட்டிருக்கிறார். குழல் முழு நீளம், காதுகள் இரண்டும் இருக்கின்றன. அதிர்ஷ்டக்காரர். ஆனால் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு சந்தேகம்.

உங்களுடையது மார்க் 1*. லோங் பிராஞ்சும் சாவேஜும் மட்டும் செய்த எளிமையாக்கிய வகை. போல்ட்டைக் கழற்றுவதற்குப் பழைய பூட்டுக்குப் பதிலாக, போல்ட் தலை ஓடும் தண்டவாளத்தில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். அந்த வெட்டின் விளிம்பு சிலதில் தெறித்துப் போயிருக்கும். அப்படியானால் போல்ட்டை வேகமாக இழுக்கும்போது தலை வெட்டுக்குள் குதித்துப் போல்ட் சிக்கும். ரிசீவரிலேயே உள்ள பழுது, பாகம் மாற்றித் தீராது. உங்கள் படத்தில் நிழலா, தெறிப்பா தெரியவில்லை. விளக்குப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். அதுவரை கட்டைக்குக் காசு அனுப்ப வேண்டாம்.

மார்ச் 10

நிழல்தான். நல்லது.

போல்ட் கைப்பிடியின் பின்னால் உள்ள இலக்கமும் ரிசீவர் இலக்கமும் ஒன்று என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் போல்ட்டை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள், யார் எவ்வளவு மினுக்கமான ஒன்றைக் காட்டினாலும். போல்ட் தலை வேறு விஷயம். 0, 1, 2, 3 என்று நாலு அளவில் வந்தது, ரவைக்கும் போல்ட்டுக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்வதற்காக. 3 போட்டும் அளவு மீறுகிறதென்றால் துவக்கு மிகவும் தேய்ந்திருக்கிறது. இதைக் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணால் அல்ல. கன்ஸ்மித்திடம் கொடுங்கள், அதற்கு முன் ஒரு வெடியும் வேண்டாம். 3ஆம் இலக்கத் தலை இப்போது தங்க விலை, தேவைப்படாமல் இருக்கட்டும்.

மாதிரிக் கட்டையை எடுங்கள். வாங்குமுன் பின்முனைத் தோள்களின் படம் கேளுங்கள், மர ரேகை அந்த இடத்தில் குறுக்காக ஓடினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டிகள் மூன்றும் என் பெட்டியில் இருக்கின்றன, தீயில் போன ஒரு சாவேஜிலிருந்து எடுத்தவை. தபால் காசு மட்டும் தந்தால் போதும். அந்த அறுத்த கட்டையை எறியாமல் கொண்டுவாருங்கள், ஒட்டுப் போட எனக்கு வால்நட் துண்டு தேவை.